அம்மா குரல் கொடுத்த சமையல் நிகழ்ச்சி

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளென்றால் எல்லாமே ஓட்டமாகத்தான் நடக்கும். அப்படி ஒரு நாளில்தான் அம்மா விழுந்தாள். குடங்களையும் டிரம்மையும் நிரப்பி முடித்து, வழிந்த தண்ணீர் வீணாகிறதே என்று வாசலைக் கழுவப் போனவள், துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து அவள் முதலில் சொன்னது, "அந்தக் குழாய மூடுங்க" என்பதுதான். மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதத்துக்கு அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விடிந்ததும் சூலூரில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். காலைச் சமையலை நான் முடித்துவிட்டுப் போவது, ராத்திரிக்குக் கடையில் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. சில நாள் அப்படி ஓடியது. ஒரு ராத்திரி அப்பா பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். திரும்ப மடித்து வைத்தார்.

"நாளையிலருந்து பொழுதோட ராத்திரிச் சோறு நான் ஆக்கறேன்" என்றார்.

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா விசைத்தறிகளுக்கு ஃபிட்டராக இருந்தவர். முதுகுவலி வந்து வேலையை விட்டிருந்தார். வேலை பார்த்த காலத்தில் சூலூரைச் சுற்றி எந்தத் தறி நின்றாலும் அவரைத்தான் வந்து கூப்பிடுவார்கள். ஆனால் சமையலறைக்குள் அவர் போவது தண்ணீர் குடிக்க மட்டும்தான். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதை அவரே ஒப்புக்கொண்டார். எனக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஆள் டிவியில் இருந்தார். கோயமுத்தூர் கேபிளில் வருகிற ஒரு சின்ன சேனல். அதில் தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு சமையல் நிகழ்ச்சி. ஐந்து பேர் உள்ள குடும்பம் கைக்கு அடங்கிய செலவில் ஒருநாள் எப்படிச் சாப்பிடுவது என்று செய்து காட்டுவார்கள். நடத்துகிற அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உருண்டை முகம், கை நிறையக் கண்ணாடி வளையல். அவர் ஒவ்வொரு பொருளாகப் போடப்போட, திரையின் ஓரத்தில் செலவு ஏறிக்கொண்டே போகும். முதலில் சொன்ன தொகைக்குள் கடைசியில் நின்றுவிடும். "பத்தாதுன்னு கவலப்படாதீங்க, பத்த வெச்சாப் பத்துமுங்க" என்று அடுப்பை மூட்டிக்கொண்டேதான் தினமும் ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் டிவிக்காரம்மா.

காலையில் வந்த நிகழ்ச்சியையே சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி போடுவார்கள். இது அப்பாவுக்கு வசதியாகப் போனது. பதினொரு மணிக்கு உட்கார்ந்து கவனமாகப் பார்ப்பார். பிறகு கடைக்குப் போய் சாமான் வாங்கி வருவார். ஏழு மணிக்கு டிவியைச் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்து, டிவிக்காரம்மா வெங்காயம் போடும்போது இவரும் வெங்காயம் போடுவார். அவர் மூடினால் இவரும் மூடுவார். அம்மா வாசற்படியருகே நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் பஸ் இறங்கி வீடு வரும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள், பொன்னிறமாக வதக்கவும் என்று சொன்னார்களாம். எந்தப் பொன், தங்கமா கவரிங்கா என்று அப்பா அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் நான் செருப்பைக் கழற்றும்போதே கருகிய வாசம் வந்தது. கடுகு வெடிக்கிற நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது. அப்பா கையில் வெங்காயத் தட்டோடு டிவியைப் பார்த்தபடி நிற்கிறார். கடாயில் கடுகு கரியாகிக்கொண்டிருக்கிறது. போட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"அந்தம்மாவே இன்னும் வரலியே கண்ணு, நான் எப்படிப் போடறது?" என்றார்.

விழுந்த நாளிலிருந்து வலியில் முகம் சுருங்கியே இருந்த அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். கை அதிர்ந்து வலிக்கிறது, சிரிப்புக் காட்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் வேறொன்றைக் கவனித்திருந்தாள். டிவிக்காரம்மா பருப்புப் போட்டால் திரையில் செலவு ஏறுகிறது, தக்காளி போட்டால் ஏறுகிறது, கறிவேப்பிலைக்குக்கூட ஏறுகிறது. எண்ணெய் ஊற்றும்போது மட்டும் ஏறுவதில்லை. அப்பா முதலில் நம்பவில்லை. அந்தம்மா அப்படியெல்லாம் செய்கிற ஆளில்லை என்றார். மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு கவனித்துப் பார்த்தார். அம்மா சொன்னது சரிதான். அதற்கடுத்த நாளும் பார்த்தார். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம்பி வேலை கற்றுக்கொண்ட இடத்தில் இப்படியா என்று அவருக்கு மனசே சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிகழ்ச்சி நேரலை. பார்க்கிறவர்கள் போன் செய்து பேசலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காலையிலேயே குளித்துவிட்டு போனும் கையுமாக உட்கார்ந்தார். பலமுறை அடித்து, நிகழ்ச்சி முடியப்போகிற நேரத்தில் லைன் கிடைத்தது. டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். நான் குறைத்தேன்.

"ஏனுங்க அம்மணி, நான் சூலூருங்க. உங்ககிட்டத்தான் சமையலே பழகறனுங்க. ஒரே ஒரு சந்தேகம். எண்ணெய எந்தக் கணக்குல சேத்தறதுங்க?"

திரையில் டிவிக்காரம்மாவின் கரண்டி நின்றது. பிறகு அவர் சிரித்தார். நல்ல கேள்வி, இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை என்றார். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். கண்டுபிடித்தது நானில்லை, வீட்டில் இருக்கிறவர்தான், அவருக்குக் கையில் கட்டு, அதனால்தான் நான் சமைக்கிறேன் என்று கதை முழுவதையும் சொல்லத் தொடங்கிவிட்டார். டிவிக்காரம்மா அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு நாள் உங்கள் வீட்டுக்கே வந்து நீங்கள் சமைப்பதைப் படம் பிடிக்கிறோம் என்றார். எண்ணெய்க்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தோம். ஆனால் அடுத்த வாரமே சேனலிலிருந்து போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு மதியம் எங்கள் சந்தில் ஒரு வேன் வந்து நின்றது. விளக்குகளும் கேமராவும் இறங்கின. டிவிக்காரம்மாவும் இறங்கினார். டிவியில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மேக்கப் முழுதாக மறைக்கவில்லை. காலை நேரலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்.

அரிசிம்பருப்புச் சோறு செய்வதென்று முடிவாகியிருந்தது. அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகோடு ஒன்றாக வேகவைத்து இறக்குகிற சோறு. எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. அப்பா அதை அதற்குள் நான்கைந்து தடவை செய்து தேறியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார். அம்மாவையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். மாவுக்கட்டோடு டிவியில் வந்தால் கொடுமுடியிலிருக்கிற சொந்தம், ஒரம்பரை பூராவும் ஆப்பிளும் ஆர்லிக்ஸுமாகப் பார்க்க வந்துவிடும் என்று சொல்லி உள்ளறைக்குப் போய், கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

விளக்கு எரிந்ததும் அப்பாவுக்கு வாய் கட்டிப்போனது. அதுவரை வேனில் வந்தவர்களிடம் தறியின் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அரிசிக்கு எவ்வளவு பருப்புங்க என்று டிவிக்காரம்மா கேட்டதற்கு மேலே ஃபேனைப் பார்த்தார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டு டம்ளருக்கு அரை டம்ளருன்னு சொல்லுங்க."

அப்பா அதை அப்படியே சொன்னார். கேமரா வைத்திருந்தவர் நிறுத்தப் போனார். டிவிக்காரம்மா முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டி, ஓடட்டும் என்று சைகை செய்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சமையலைச் செய்தது மூன்று பேர். அப்பா கிண்டினார், டிவிக்காரம்மா கேட்டார், அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் அவள் கண்ணுக்கு அடுப்பு தெரியாது. வாசத்தை வைத்தே சொன்னாள். வெங்காயம் இன்னும் சுருங்கட்டும் என்றாள். இப்போது தண்ணீரை ஊற்றலாம் என்றாள். நடுவில், குக்கரை மூடுகிற காட்சியை இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அப்பாவைத் திறந்து திறந்து மூடச் சொன்னார்கள். "அடுப்பத் தணிங்க, அடி புடிக்குது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டிவிக்காரம்மா கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "ஏனுங்க்கா, எண்ணெ எவ்வளவுங்க?" என்று கேட்டார்.

"அரைக் கரண்டி. கடலெண்ணெ. அதையுங் கணக்குல சேத்துங்க."

சோறு அடிப்பிடித்துத்தான் போயிருந்தது. விளக்கை அணைத்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். டிவிக்காரம்மா வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தட்டைக் கேட்டார். நெய் ஊற்றி அம்மாதான் இடது கையால் பரிமாறினாள். முதல் வாய்க்குப் பிறகு அவர் பாதித் தட்டைக் கடகடவென்று காலி செய்தார். பிறகு சொன்னார். ஸ்டுடியோவில் செய்வதை யாரும் சாப்பிடுவதில்லையாம். நிறம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் காயை அரைவேக்காட்டில் எடுத்துவிடுவார்களாம். சாப்பிடாத பண்டத்துக்கு எதற்கு உப்பு என்று அதையும் போடுவதில்லையாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் தனக்கென்று அடுப்பு மூட்ட மனசு வராது, பன்னும் டீயும்தான் என்றார். அடிப்பிடித்ததையும் சுரண்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அவரை அன்றைக்கே கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது திரையில் முக்கால்வாசி அப்பாவின் திகைத்த முகம்தான். ஆனால் பார்த்தவர்கள் கேட்டது வேறு. அந்தக் குரல் யாருடையது, அடுத்து எப்போது வருவார் என்று சேனலுக்குப் போன் மேல் போன். டிவிக்காரம்மா அம்மாவைக் கூப்பிட்டார். கட்டு பிரித்ததும் ஞாயிறுதோறும் ஸ்டுடியோவுக்கு வாருங்கள், முகத்தைக் காட்ட வேண்டாம், பின்னாலிருந்து பேசினால் போதும், போக வர ஆகிற செலவும் கொஞ்சம் சம்பளமும் தருவார்கள் என்றார்.

அம்மாவுக்குப் பயம். கோயமுத்தூருக்கு அவள் தனியாகப் போனதே கிடையாது. துணி எடுக்க, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று யாரோடாவதுதான் போயிருக்கிறாள். ஊரில் என்ன சொல்வார்கள் என்றாள். இத்தனை வயசுக்கு மேல் எதற்கு என்றாள். ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரு பதில் வைத்திருந்தார். கடைசியில் சொன்னார்: "போயிட்டு வா. ஞாயித்துக்கெழம மத்தியானச் சோத்தையும் நான் பாத்துக்கறேன்."

முதல் நாள் நான் கூடப் போனேன். திருச்சி ரோட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. டிவியில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த சமையலறை பலகையால் செய்த மூன்று சுவர். திரைச்சீலை காற்றில் ஆட ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தார்கள். கை கழுவலாம் என்று அம்மா பளபளப்பான குழாயைத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. குழாய்க்குக் கீழே குடமும் இல்லை, எதுவும் இல்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில், திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு ஸ்டூலும் மைக்கும் போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, எனக்கு இங்கே வாசம் வரவில்லை, எப்படிச் சொல்வது என்றாள். அடுத்த ஞாயிறு போனபோது, சுவரில் படமாக வரைந்திருந்த ஜன்னலை அறுத்து நிஜமாகவே திறந்து வைத்திருந்தார்கள். டிவிக்காரம்மா சொல்லிச் செய்ய வைத்தது அது.

அதற்குப் பிறகு அம்மா தனியாகவே போனாள், வந்தாள். பஸ்ஸில் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு முன்சீட்டிலிருந்து பெண்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். அடுப்பைத் தணிக்கச் சொல்கிற அம்மாவா நீங்கள் என்று ஒருத்தி கேட்டே விட்டாளாம். அதை அன்றைக்கு ராத்திரி எங்களிடம் இரண்டு தடவை சொன்னாள்.

ஒரு ஞாயிறு வால்பாறையிலிருந்து ஒரு போன் வந்தது. நான் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். தயங்கித் தயங்கிப் பேசினார். நீங்கள் சொல்கிற கீரையும் கத்தரிக்காயும் மலை ஏறி வருவதற்குள் வாடிவிடுகிறது, விலையும் ஏறிவிடுகிறது, எங்களுக்குத் தகுந்தாற்போல ஒன்று சொல்லுங்கள் என்றார். டிவிக்காரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலீங்க கண்ணு" என்றாள் அம்மா. "உங்க ஊரை நான் பாத்ததில்ல. பாக்காம எப்படிங்க சொல்றது?"

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்புதான். ஆசையாகக் கேட்ட பிள்ளையை வெறுமனே அனுப்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்ணெய்ப் பிரச்சினை அதற்கப்புறம் வந்தது. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது ஓர் எண்ணெய்க் கம்பெனி. அடுப்புக்குப் பக்கத்தில் அவர்கள் பாட்டில் லேபிள் தெரிய நிற்கும். அம்மா ஒவ்வொரு வாரமும் எண்ணெயின் அளவைக் கேட்டதும், குறைக்கச் சொன்னதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சேனல் மேனேஜர் ஒரு ஞாயிறு காலையில் வந்து பக்குவமாகவே பேசினார். எண்ணெய் நமக்கு இலவசமாக வருவதால்தான் செலவில் சேர்ப்பதில்லை, இனி அதைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றார்.

"ஓசியா வர்றது உங்களுக்குங்க தம்பி. பாக்கறவங்க ஊட்டுக்கு வருமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டு, இருந்தாலும் வேண்டாம் என்றார். அம்மா சண்டை போடவில்லை. அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. பையை எடுத்துக்கொண்டு, அப்படியானால் நான் எதற்கு, வாரேனுங்க என்று எழுந்துவிட்டாள். மேக்கப் போட்டுக்கொண்டிருந்த டிவிக்காரம்மா கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "இருங்க்கா. இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போங்க" என்றார்.

அன்றைய நேரலையை நாங்கள் வீட்டிலிருந்து பார்த்தோம். டிவிக்காரம்மா கடாயை வைத்தார். எண்ணெயை ஒரு கரண்டியில் அளந்து எடுத்து, கேமராவுக்குக் காட்டி, இதற்கு இவ்வளவு ஆகும் என்று விலையைச் சொல்லி ஊற்றினார். திரையில் எண் மாறவில்லை. மாற்றுகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போல. டிவிக்காரம்மா கையை நீட்டி, போடுங்க தம்பி என்றார். போட்டார்கள். கடைசியில் செலவு சொன்ன தொகையைத் தாண்டிவிட்டது. அதுவரை ஒரு நாளும் தாண்டியதில்லை.

"இன்னைக்குத் தாண்டிப்போச்சுங்க" என்றார் டிவிக்காரம்மா. "எங்க ஊட்டுலயும் தாண்டுமுங்க. தாண்டினா நீங்கெல்லாம் என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

அதற்கு வந்த போன்களை நான் மறக்கவே மாட்டேன். அன்றைக்கு யாரும் சமையல் குறிப்பு கேட்கவில்லை. இரண்டு நாளைக்கு மோர் மட்டும் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரே குழம்பு வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறோம் என்றார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அம்மா, அப்படிப் பண்ணாதீங்க சாமி என்றாள். அப்பா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அன்றைக்கு நிகழ்ச்சி நேரம் தாண்டி ஓடியது.

எண்ணெய்க் கம்பெனி விலகிக்கொண்டது. ஒரு மசாலாக் கம்பெனி வந்து கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு அதுவும் போய், அந்த நேரத்தில் ராசிக்கல் விற்கிற நிகழ்ச்சி வந்துவிட்டது. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு நாள் டிவிக்காரம்மாவிடம் கேட்டேன். நிகழ்ச்சி ஆரம்பித்த புதிதில் தானும் அதே கேள்வியைக் கேட்டதாகவும், அதே பதில் கிடைத்ததாகவும், வேலை வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டதாகவும் சொன்னார். அப்பா போனில் கேட்டபோது யாரோ தன் மனசுக்குள் இருந்து கேட்டது போல இருந்ததாம். இப்போது அவர் சிங்காநல்லூரில் வாடகை வீட்டில், வேலைக்குப் போகிற பெண்களுக்கும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறார். உப்புப் போட்டு.

நிகழ்ச்சி நின்றுபோன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். எங்கே என்றதற்கு, அந்த வால்பாறைக் கண்ணுக்கு நான் பதிலே சொல்லவில்லையே என்றாள். டிவிக்காரம்மாவிடம் போன் நம்பர் இருந்தது. அவர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அந்தப் பெண் தாராளமாக வாருங்கள் என்றாராம், ஆனால் நம்பவில்லை போலிருக்கிறது என்று சொன்னார்.

சனிக்கிழமை லீவு போட்டு அவர்கள் இருவரோடு நானும் கிளம்பினேன். பொள்ளாச்சியில் பஸ் மாறி மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கும் டிவிக்காரம்மாவுக்கும் தலை சுற்றி ஒன்றும் முடியாமல் போனது. அம்மா எலுமிச்சம்பழத்தை எங்கள் இருவர் மூக்கிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தேயிலைச் சரிவையும் அதில் நகர்கிற பெண்களையும் விட்ட கண் வாங்காமல் பார்த்து வந்தாள். அந்த மலைக்கு அவள் வருவதும் அதுதான் முதல் தடவை.

எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அந்தப் பெண் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். டிவியில் பார்த்த முகம் வாசலில் நிற்பதைப் பார்த்து அவர் படியிலேயே நின்றுவிட்டார். டிவிக்காரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற என் அம்மாவை யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்.

"ஏனுங்க கண்ணு, நல்லா இருக்கீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அந்தப் பெண் சட்டென்று அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அக்கா நீங்கதானா" என்றார். உள்ளே மாதா படத்துக்குக் கீழே பாய் விரித்து உட்கார வைத்தார்.

அம்மா பதில் சொல்லத்தான் போனாள். ஆனால் சமைத்தது அந்தப் பெண்தான். வேலியில் கொடியோடிக் காய்த்திருந்த சௌசௌவைப் பறித்து, கருவாட்டோடு புளி கரைத்துக் குழம்பு வைத்தார். ரேஷன் அரிசிச் சோறு, கடைசியில் பாலில்லாத தேயிலைத் தண்ணீர். அம்மா இரண்டு தடவை குழம்பு வாங்கினாள். இதைத் தினமும் தின்று தின்று அலுத்துப்போச்சு, அதனால்தான் அன்றைக்குக் கேட்டேன் என்று அந்தப் பெண் சொன்னார். எங்கள் ஊரில் அரிசிம்பருப்பும் அப்படித்தான் அலுக்கும் என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். பதில் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் அட்டைக்கடி, கால்வலி, யானை வந்த கதை, பிள்ளைகளின் படிப்பு.

அவருடைய மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் இளைத்துப்போகிறாள் என்று அந்தப் பெண்ணுக்குக் கவலை. எந்த இடத்தில் ஹாஸ்டல் என்று டிவிக்காரம்மா கேட்டார். அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். திங்கள்கிழமையிலிருந்து மதியச் சாப்பாடு என்னிடம் என்று அவர் சொல்ல, ஞாயித்துக்கெழமை எங்க ஊட்டுக்கு என்று அம்மா சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளை இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். முதல் வாரம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பிட்டு முடித்ததும் அசதியில் தரையிலேயே தூங்கிப்போனாள். வாரம் பூராவும் வார்டில் நின்ற கால்கள். அம்மா ஃபேனைக் குறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் சத்தம் உள்ளே வராமல் இருக்க வாசற்கதவைச் சாத்தினாள். பொழுது சாய்ந்து எழுந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெட்கமாகச் சிரித்தாள். போனில் அவளுடைய அம்மாவிடம், சாப்பிட்டேன், தூங்கினேன், வேறொன்றும் செய்யவில்லை என்றாள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாப் வரை போனார். திரும்பி வந்தவரிடம், அவளுக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று அம்மா கேட்டதற்கு, ஜன்னலோரம், டிரைவருக்குப் பின்சீட்டு என்று சொல்லிவிட்டு, கால் கழுவப் போனார்.